ஏப்ரல் குளிர் யார் தலையில் விடிவது?

2013 ஏப்ரல் 23 அன்று டென்வர் நகரத்துக் கூர்ஸ் ஃபீல்டு அரங்கில் கொலராடோ ராக்கீஸ் அணியும் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியும் ஆட இறங்கியபோது வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி செல்சியஸ். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில், தொடக்க நேர வெப்பநிலை ஒழுங்காகக் குறிக்கப்பட்டுவரும் 1990களுக்குப் பிந்தைய பதிவுகளில், அதுவரை அத்தனை குளிரில் ஓர் ஆட்டமும் தொடங்கியதில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு அதே அரங்கில் ஊழியர்களும் அணி நிர்வாகிகளும் மண்வாரிகளோடு இறங்கிப் பனியை அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.

ஒவ்வோர் ஏப்ரலிலும் அமெரிக்க விளையாட்டுப் பத்திகளில் ஒரு கேள்வி தவறாமல் தலைகாட்டும். கலிஃபோர்னியாவும் ஃபுளோரிடாவும் இருக்க, கூரையுள்ள அரங்குகளும் இருக்க, பருவத்தின் முதல் வாரங்களை வடக்கில் எதற்கு ஆட வேண்டும்? இதற்குச் சொல்லப்பட்டுவரும் விடைகள் பல. ஒவ்வொன்றிலும் நியாயம் உண்டு; ஒவ்வொன்றிலும் செலவை இன்னொருவர் கணக்கில் எழுதும் தந்திரமும் உண்டு.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐபிஎல்லில் மழையால் ஆட்டம் நடக்காமல் போனால் ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மேஜர் லீக்கில் புள்ளிக் கணக்கே கிடையாது. வெற்றி விகிதம்தான் எல்லாம். நின்றுபோன ஆட்டத்தைப் பின்னொரு நாளில் ஆடித் தீர்க்க வேண்டும். பருவக் கடைசியில், தரவரிசையை எவ்வகையிலும் மாற்றாது என்று உறுதியானால் மட்டும் விட்டுவிடுவார்கள். ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள், அவற்றை ஆட ஏறத்தாழ 187 நாட்கள். ஆகவே ஏப்ரலில் விழும் ஒரு பனிமழை, ஆகஸ்டில் வரவேண்டிய ஓய்வு நாள் ஒன்றைத் தின்றுவிடுகிறது.

பழைய குளிர், புதிய சிக்கல்

ஏப்ரல் குளிர் இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல. 1907 ஏப்ரல் 11 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் பருவத்தின் முதல் ஆட்டம். மைதானத்தில் கிடந்த பனியை ஓரமாக ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். உள்ளூர் அணியான ஜயண்ட்ஸ் பின்தங்கியதும் பொறுமையிழந்த கூட்டம் அந்தப் பனியை உருண்டை பிடித்து எறியத் தொடங்கியது. அடக்கப் போலீஸ் இல்லை. நடுவர் பில் கிளெம், பிலடெல்ஃபியா வென்றதாக அறிவித்துவிட்டுப் போனார்.

ஆனால் “வேறு ஊரில் ஆடியிருக்கலாமே” என்று அன்றைக்கு எவரும் கேட்டிருக்க முடியாது. 1957 வரை இருந்த 16 அணிகளும் கிழக்குக் கரையிலும் நடுமேற்கிலுமே இருந்தன. டாட்ஜர்ஸும் ஜயண்ட்ஸும் 1958இல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் ஹூஸ்டன், அட்லாண்டா, சான் டியேகோ, டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா என்று அணிகள் பரவிய பிறகுதான் அட்டவணைக்கு ‘இதமான பாதி’ என்று ஒன்று உருவானது. அதன் பின்னரே குளிர் ஓர் அட்டவணைப் பிழையாகத் தோன்ற ஆரம்பித்தது.

இதே காலத்தில் நாட்காட்டியின் இரு முனைகளும் நீண்டன. மேஜர் லீக்கின் இரு கிளைகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ஒவ்வொன்றிலும் 8 அணிகள் இருந்தபோது 7 எதிரணிகளோடு தலா 22 ஆட்டம், மொத்தம் 154. அமெரிக்கன் லீக் 1961இல் 10 அணிகளாகப் பெருகியதும் 9 எதிரணிகளோடு தலா 18 என்று பெருக்கி 162 ஆக்கினார்கள். மறு ஆண்டு நேஷனல் லீக்கும் சேர்ந்துகொண்டது. இன்று கல்லில் எழுதியதுபோல் பேசப்படும் அந்த எண் இப்படியொரு பெருக்கல் வாய்ப்பாட்டில் பிறந்ததுதான். 1969, 1995, 2022 என்று இறுதிச் சுற்றுகளும் பெருகி, அக்டோபர் முழுவதையும் விழுங்கின. ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம் காட்டும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமும் மறைந்தது. 1935இல் சின்சினாட்டியில் தொடங்கிய மின்விளக்கு ஆட்டம் நாளடைவில் வழக்கமாகி, வெயில் இருக்கும் பகலை விட்டு இரவுக்கு ஆட்டத்தை நகர்த்தியது. ஏப்ரல் அப்படியேதான் இருக்கிறது. ஆட்டம்தான் அதற்குள் மேலும் மேலும் நகர்ந்து வந்திருக்கிறது.

குளிர் ஆட்டத்தை என்ன செய்கிறது?

குளிர்ந்த காற்று அடர்த்தியானது; பந்து அதைக் கிழித்துக்கொண்டு தொலைவாகப் போகாது. ராபர்ட் அடேர், ஆலன் நேத்தன் ஆகிய இயற்பியலாளர்களின் கணக்குப்படி, வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தால் 120 மீட்டர் பறக்கவேண்டிய பந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னதாக விழும். சுவருக்கு மேல் போகவேண்டிய ஹோம் ரன் சுவரோரம் பிடிபடுவதற்கு அது போதும். குளிர்ந்த பந்தின் துள்ளலும் மந்தம். 2000 முதல் 2011 வரை நடந்த ஆட்டங்களைக் குளிர், மிதம், வெப்பம் என்று பிரித்து ஆராய்ந்த காக், பனோர்ஸ்கா இருவரும், குளிர் நாட்களில் ரன்களும் ஹோம் ரன்களும் குறைவதையும், பந்தெறியும் பிட்சர்கள் குறி தவறி எதிராளியைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்பும் ‘வாக்’ கூடுவதையும் கண்டார்கள். பந்தின் தையலை விரல் உணராவிட்டால் குறி எப்படி நிற்கும்? பிட்சர் தன் கையில் ஊதிக்கொள்வது பொதுவாகத் தடை. குளிர் நாட்களில் நடுவர் அதற்கு அனுமதி தரலாம் என்று விதிப்புத்தகமே இடம் கொடுக்கிறது.

இத்தனையும் ஆட்டத்தின் தன்மை மாறுகிறது என்பதற்குச் சான்று. குளிர் வீரர்களைக் காயப்படுத்துகிறது என்பது வேறு வாதம்; அதற்கு இந்த அளவு உறுதி கிடையாது. ஏப்ரலில் காயங்கள் அதிகம் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் நீண்ட ஓய்வுக்குப் பின் உடலை முழு வேகத்துக்குக் கொண்டுவரும் மாதமும் அதுவே. இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம். பார்வையாளர் எண்ணிக்கையிலும் இதே முடிச்சு. ஏப்ரலில் இருக்கைகள் காலியாகத்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடங்கள் நடக்கும் மாதமும் அதுதான். குளிரை மட்டும் நீக்கினால் அரங்கு நிறைந்துவிடும் என்று சொல்வோர் இந்த இரண்டாவது காரணத்தைக் கண்டுகொள்வதில்லை.

“தெற்கே அனுப்பு” என்னும் வாதம்

மிகப் பழகிய விடை இதுதான்: முதல் இரண்டு மூன்று வாரங்கள் இதமான ஊர்களிலும் கூரை அரங்குகளிலும் ஆடுங்கள். 2007இல் கிளீவ்லாந்துக்கு நடந்தது இந்த வாதத்துக்கு நிரந்தரச் சாட்சி. அந்த ஏப்ரல் 6 அன்று சியாட்டிலுக்கு எதிரான உள்ளூர்த் தொடக்க ஆட்டம். பனியால் விட்டு விட்டு நடந்தது. ஐந்தாம் இன்னிங்ஸில் கிளீவ்லாந்து 4-0 முன்னிலை. அதன் பிட்சர் பால் பெர்ட் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுத்திருக்கவில்லை. இன்னும் ஒரே ஒருவர் அவுட்டானால் ஆட்டம் செல்லுபடியாகும். அந்த நேரம் பார்த்து, பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று சியாட்டிலின் மேலாளர் மைக் ஹார்க்ரோவ் முறையிட, நடுவர்கள் நிறுத்தினார்கள். பின்னர் தொடங்கவே முடியவில்லை. தொடரின் மற்ற மூன்று ஆட்டங்களும் பனியில் போயின. அடுத்து வந்த ஏஞ்சல்ஸ் அணியுடனான தொடரைக் கூரையுள்ள மில்வாக்கி அரங்குக்கே கொண்டுபோய் ஆடினார்கள். விடுபட்ட சியாட்டில் ஆட்டங்களில் ஒன்று செப்டம்பரில், சியாட்டில் மைதானத்திலேயே, கிளீவ்லாந்து ‘உள்ளூர் அணி’ என்ற பெயரில் நடந்தது.

2018இல் கதை இன்னும் பெரிதானது. பருவம் மார்ச் 29 அன்றே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் 48 மாநிலப் பரப்பில் 1997க்குப் பிந்தைய ஆகக் குளிரான ஏப்ரல் அது. அயோவாவுக்கும் விஸ்கான்சினுக்கும் பதிவான வரலாற்றிலேயே குளிரானது. அந்த மாதத்தில் 25க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. மின்னெசோட்டா அணி தன் ஊர்ப் பனிப்புயலில் ஒரு வார இறுதியை இழந்துவிட்டு, இரண்டு நாள் கழித்து போர்ட்டோ ரிக்கோவின் வெயிலில் ஆடியது.

இவ்வளவு சான்று இருந்தும் ஏன் தெற்கே அனுப்பவில்லை? எண்ணிப் பார்த்தால் ஒரு தடை புலப்படும். 2020 வாக்கில் இருந்த நிலையை எடுத்துக்கொள்வோம். கூரை உள்ள அரங்குகள் எட்டு: டொரொன்டோ, மில்வாக்கி, சியாட்டில், ஹூஸ்டன், அரிசோனா, மயாமி, டெக்சஸ், டாம்பா பே. கூரை இல்லாவிட்டாலும் பனி பற்றிக் கவலையில்லாதவை ஆறு: கலிஃபோர்னியாவின் ஐந்தும் அட்லாண்டாவும். ஆக 14. எஞ்சிய 16 அணிகள் திறந்தவெளியில் குளிருக்கு வாய் பிளந்து நிற்பவை. 30 அணிகளும் ஆடும் நாளில் 15 இடங்கள் வேண்டும். இதமான அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறைகூட மோதாமல் இருந்தாலும், ஓர் ஆட்டமாவது குளிரில் நடந்தே தீரும்.

அந்த ஓர் ஆட்டத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்றே வைப்போம். மூன்று வாரத்தில் 20 ஆட்டம் எனக் கொண்டால், தெற்கு அணிகள் தங்கள் 81 உள்ளூர் ஆட்டங்களில் 20ஐ ஏப்ரலிலேயே செலவழித்துவிடும். அதன் பிறகு அவர்களுக்கு உள்ளூரில் 61, வெளியூரில் 81. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையாகி, குடும்பங்கள் அரங்குக்கு வரும் ஜூனிலும் ஜூலையிலும் தெற்கு அரங்குகள் கூடுதல் நாட்கள் பூட்டிக் கிடக்கும். வருமானம் வடக்கே போகும். உரிமையாளர்கள் இதற்குக் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்பதில் வியப்பில்லை.

வடக்கு அணிகளுமே இதை முழு மனதோடு கேட்பதில்லை. உள்ளூர்த் தொடக்க ஆட்டம் அந்த ஊர்களின் திருவிழா. சின்சினாட்டியில் அன்று ஊர்வலமே உண்டு. பருவத்தைச் சொந்த ஊரில் தொடங்குவதை அந்த நகரம் தன் உரிமையாகவே கருதுகிறது. பாஸ்டனில் ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமையான தேசபக்தர் தினத்தன்று ரெட் சாக்ஸ் முற்பகலிலேயே உள்ளூரில் ஆடுவது நீண்ட மரபு. குளிரைத் திட்டுகிறவர்களே அந்த நாளை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள்.

அடிக்கடி எழும் நியாயம் பற்றிய எதிர்ப்பு மட்டும் எனக்கு வலுவாகப் படவில்லை. தொடர்ந்து 20 ஆட்டம் வெளியூரில் ஆடினால் வடக்கு அணிகள் பின்தங்கிவிடும் என்கிறார்கள். பேஸ்பாலில் உள்ளூர் அணி வெல்வது நீண்டகாலச் சராசரியில் 54 சதவீதம் அளவே. 20 ஆட்டத்தில் அது ஒரு வெற்றிக்கும் குறைவான வித்தியாசம், அதுவும் பின்னர் ஈடுகட்டப்பட்டுவிடும். உண்மையான தடை காசுதான். நியாயத்தின் பெயரைச் சொல்லி அதை மறைப்பதால் விவாதம் தெளிவடையவில்லை.

அட்டவணையை வளைக்கவே முடியாது என்பதும் சரியல்ல என்று 2025 காட்டியது. முந்தைய அக்டோபரில் மில்டன் சூறாவளி டாம்பா பே அணியின் கூரையைப் பிய்த்தெறிந்தது. அந்த அணி திறந்தவெளிப் பயிற்சி அரங்கு ஒன்றில் ஆட நேர்ந்ததும், ஃபுளோரிடாவின் கோடை மழையையும் வெக்கையையும் தவிர்க்க, முதல் 22 ஆட்டங்களில் 19ஐ உள்ளூரிலேயே வைத்து அட்டவணையை மாற்றி எழுதினார்கள். ஓர் அணிக்காக, அதன் சம்மதத்தோடு, இப்படிச் செய்யலாம். 14 அணிகளுக்கு, விருப்பமின்றி, செய்வது வேறு காரியம்.

“திரும்பி வரும் அணியோடு ஆடு”

இரண்டாவது தரப்பு, குளிரைத் தவிர்க்க முயலாமல் அதன் சேதத்தைக் குறைக்கப் பார்க்கிறது. 2007இல் சிக்கல் முற்றியதற்குக் காரணம் பனி மட்டுமா? சியாட்டில் அந்த ஆண்டு கிளீவ்லாந்துக்கு மறுபடி வரும் திட்டமே இல்லை. அடிக்கடி வந்துபோகும் அணியாக இருந்திருந்தால், அடுத்த வருகையில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்து முடித்திருப்பார்கள். எனவே வடக்கில் ஏப்ரல் ஆட்டங்களை லீக்குக்குள் ஒரே பிரிவைச் சேர்ந்த, அடிக்கடி மோதும் அணிகளுக்குள் வையுங்கள் என்பது இவர்கள் வாதம். உள்ளூர்த் தொடக்க ஆட்டத்துக்கு மறுநாளை வேண்டுமென்றே காலியாக விடும் இன்றைய வழக்கமும் இந்தச் சிந்தனையின் கிளைதான்.

செலவில்லாத யோசனை, நடைமுறைக்கும் உகந்தது. ஆனால் இது முதல் யோசனையோடு நேருக்கு நேர் மோதுகிறது. அமெரிக்கன் லீக்கின் மத்தியப் பிரிவைப் பாருங்கள்: கிளீவ்லாந்து, டெட்ராய்ட், சிகாகோ, மின்னெசோட்டா, கேன்சஸ் சிட்டி. ஐந்தும் குளிர் நகரங்கள், ஐந்தும் திறந்தவெளி. இவை தங்களுக்குள் ஏப்ரலில் ஆடினால் ஒவ்வோர் ஆட்டமும் குளிரில்தான். பத்திகளில் பலர் இந்த இரண்டு பரிகாரங்களையும் ஒரே மூச்சில் பரிந்துரைப்பதைக் காணலாம். இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற வழியில்லை.

போதாக்குறைக்கு, 2023இல் வந்த சமநிலை அட்டவணை இந்த வழியை மேலும் குறுக்கியது. ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளோடும் ஆட வேண்டும் என்றானதால், பிரிவுக்குள் ஆடும் ஆட்டங்கள் 76இலிருந்து 52ஆகக் குறைந்தன. மறு லீக்கின் அணி பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு தொடருக்கு மட்டும் வரும். எல்லா நட்சத்திரங்களையும் எல்லா ஊரும் பார்க்கட்டும் என்ற நல்ல நோக்கம், ஏப்ரல் பனியில் நின்றுபோன ஆட்டத்தைத் தீர்ப்பதை மேலும் கடினமாக்கியது.

அட்டவணை எழுதுபவர்களைக் குறை சொல்வது எளிது. 1980களின் தொடக்கம் முதல் 2004 வரை இதைச் செய்தவர்கள் ஹென்றி, ஹாலி ஸ்டீஃபன்சன் என்ற தம்பதி. அடுத்து வந்தவர்கள் கணித உகப்பாக்கம் அறிந்த பேராசிரியர்கள். அவர்களில் மைக்கேல் டிரிக், ஜார்ஜ் நெம்ஹவுசர் இருவரும் கெல்லி ஈஸ்டனுடன் சேர்ந்து 2001இல் முன்வைத்த ‘பயணத் தொடர்ச் சிக்கல்’ கணினியியலில் கடினமான புதிர்களில் ஒன்றாக இன்றும் ஆராயப்படுகிறது. பயணத் தூரம், தொலைக்காட்சி, ஒரே ஊரில் இரண்டு அணிகள், இடையில் ஓய்வின்றி 20 நாளுக்கு மேல் ஆடக்கூடாது என்ற வீரர்கள் சங்க ஒப்பந்தம் என்று நிபந்தனைகள் வரிசை கட்டி நிற்கின்றன. வானிலை அவற்றில் ஒன்று. அதற்காக வாதாட அந்த மேசையில் தனியே ஆள் கிடையாது.

கூரை

குளிரை அடியோடு தீர்ப்பது கூரை ஒன்றே. டொரொன்டோ புளூ ஜேஸ் தன் முதல் ஆட்டத்தை 1977 ஏப்ரல் 7 அன்று பனி மூடிய திடலில் ஆடியது. பனிச்சறுக்கு அரங்கின் ஐஸைச் சீர்செய்யும் வண்டியை இரவல் வாங்கித் திடலைச் சுத்தம் செய்தார்கள். டக் ஆல்ட் இரண்டு ஹோம் ரன் அடித்தார், டொரொன்டோ வென்றது. ஆயினும் 1989இல் அங்கே திறந்து மூடும் கூரையுடன் அரங்கு எழுவதற்குப் பெருந்தூண்டுதலாக அமைந்தது, 1982 நவம்பரில் கொட்டும் மழையில் நடந்த கனடியக் கால்பந்து இறுதி ஆட்டம்.

அமெரிக்காவிலும் பெரும்பாலான கூரைகள் ஏப்ரலை மனத்தில் வைத்துப் போடப்பட்டவையல்ல. ஹூஸ்டன், அரிசோனா, டெக்சஸ், மயாமி எல்லாம் கோடை வெக்கைக்கும் மழைக்கும் அஞ்சிக் கூரை போட்டன. கூரை அதிகம் தேவைப்படும் மின்னெசோட்டாவோ எதிர்த்திசையில் போனது. 1982 முதல் மெட்ரோடோமின் கூரைக்கடியில் ஆடிய அணி, 2010இல் கூரையில்லாத டார்கெட் ஃபீல்டுக்கு மாறியது. புல்லுக்கடியில் வெப்பக் குழாய்கள் மட்டும் பதித்தார்கள். கட்டுமானச் செலவு ஒரு காரணம். கோடை மாலையில் வானத்தின் கீழ் உட்காரும் ஆசை இன்னொரு காரணம். ஆறு மாதப் பருவத்தில் மூன்று வாரத் தொல்லைக்காக மற்ற வாரங்களின் இன்பத்தை அடைத்து வைப்பதா என்ற கேள்விக்கு அந்த ஊர் சொன்ன விடை அது. ஜப்பான் வேறு விடை சொன்னது: சப்போரோவில் ஃபைட்டர்ஸ் அணிக்குத் தொடக்கத்திலிருந்தே மூடிய அரங்கு, 2023 முதல் அருகில் திறந்து மூடும் கூரையுடன் புதிய அரங்கு.

162ஐக் குறைத்தால்?

பருவத்தைச் சுருக்குவோம் என்பதே எல்லாவற்றிலும் நேர்மையான யோசனை என்று எனக்குத் தோன்றுகிறது. செலவு எங்கே விழும் என்பதை மறைக்காத ஒரே யோசனையும் அதுவே. பழைய 154க்குத் திரும்பினால் ஏப்ரலில் ஒரு வாரத்துக்கு மேல் மிச்சமாகும். வீரர்கள் சங்கம் 2016 பேச்சுவார்த்தையில் இதை எழுப்பியது. கிடைத்தது வேறொன்று: ஆட்டம் 162ஆகவே நின்றது, ஓய்வு நாட்களுக்காகப் பருவம் நான்கு நாள் நீட்டப்பட்டது. இறுதிச் சுற்றுகள் பின்முனையை அடைத்து நிற்பதால் நீட்சி முன்முனைக்கே போயிற்று. 2018 மார்ச் 29இல் தொடங்கியதற்குக் காரணம் இந்த ஓய்வுதான். வீரர்களின் நலனுக்காகக் கேட்டது அவர்களையே குளிரில் நிறுத்தியது.

அந்த ஏப்ரலில் சிகாகோ கப்ஸ் வீரர் ஆந்தனி ரிசோ, ஆட்டம் அதிகம், குறைத்தால் ஊதியம் குறைவதற்கும் உடன்படலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். சக வீரர்களிடையே பெரிய ஆதரவு திரளவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் ஆட்ட எண்ணிக்கையை நம்பி நிற்கின்றன. அணி ஒவ்வொன்றும் நான்கு உள்ளூர் ஆட்டங்களின் வசூலை இழக்கும். ஒரு பருவச் சாதனைகளை 162ஐ வைத்தே ஒப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பின்முனையை மேலும் தள்ளுவதும் ஆகாது. 1997 உலகத் தொடரின் கிளீவ்லாந்து ஆட்டம் ஒன்று பனித்துகள் பறக்க, மூன்று டிகிரி அளவில் நடந்தது. தீர்மான ஆட்டங்களை நவம்பர்க் குளிருக்குத் தள்ளுவதைவிட ஏப்ரலின் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைக் குளிரில் வைப்பது மேல் என்று லீக் கருதுமானால், அதைக் குறை சொல்ல முடியவில்லை.

இடையில் ஒரு சிறு யோசனை கவனிக்கப்படாமல் கிடக்கிறது: வடக்கில் ஏப்ரல் ஆட்டங்களைப் பிற்பகலுக்கு மாற்றுவது. இரவு ஏழு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையே பல டிகிரி வேறுபாடு உண்டு. வேலைநாளில் கூட்டம் வராது, தொலைக்காட்சி பார்ப்போர் குறைவர் என்ற மறுப்பு உண்மையே. ஆனால் ஏப்ரல் இரவிலும் கூட்டம் அவ்வளவாக வருவதில்லை என்று முறையிடுபவர்களும் அவர்களேதான்.

தீராதவை

புவி வெப்பம் இந்தக் கேள்வியைத் தானே கரைத்துவிடுமா? டார்ட்மத் கல்லூரியின் கிறிஸ்டஃபர் கலஹனும் சகாக்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்குப் பின் அடிக்கப்பட்ட 500க்கும் மேற்பட்ட ஹோம் ரன்களை வெப்பமயமாதலின் கணக்கில் சேர்க்கிறது. ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு ஹோம் ரன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுமாம். சராசரி உயர்வதால் பனிப்புயல் நின்றுவிடும் என்று ஆகாது. 2018 ஏப்ரல் வந்ததும் இந்த வெப்பமான காலத்தில்தான். மறுபக்கம், கோடை வெக்கை கடுமையானால் தெற்கின் திறந்தவெளி அரங்குகளே டாம்பா பே கேட்டதுபோல் ஏப்ரல் ஆட்டங்களை விரும்பிக் கேட்கும் நாள் வரலாம். அப்போது, இன்று காசு காரணமாக முடியாததாகத் தோன்றும் பண்டமாற்று ஓரளவு சாத்தியமாகும். எவ்வளவு என்பதைக் கணித்தவர்கள் குறைவு.

உடனடியான விடைகள் வானிலையைவிட ஒப்பந்தங்களைப் பொறுத்தவை. வீரர்கள் சங்கத்துடனான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. 154 மீண்டும் மேசைக்கு வருமா என்பது அப்போது தெரியும். லீக்கை 32 அணிகளாக்கும் பேச்சும் இருக்கிறது. புதிய இரண்டு ஊர்கள் எவை, அவை கூரை போடுமா, பிரிவுகள் எப்படி வெட்டி ஒட்டப்படும் என்பவற்றைப் பொறுத்து மேலே போட்ட 14க்கு 16 என்ற கணக்கு எந்தப் பக்கமும் சாயலாம். இப்போது சாக்ரமென்டோவில் திறந்தவெளியில் ஆடும் ஏ’ஸ் அணிக்கு லாஸ் வேகாஸில் கூரை அரங்கு எழும்பிக்கொண்டிருக்கிறது. மத்தியப் பிரிவின் ஐந்து நகரங்களில் ஒன்றிலும் அப்படி ஏதும் எழும்பவில்லை.